தன்பிழை ஆராய்ந்து பேராறு திருப்பியவர்

குடமுழுக்கு என்றவுடன் அன்பர்களின் மனக்கண் முன் தோன்றுவன யாகசாலையும், மங்கல வாத்தியமும், விமானத்தின் மீது பொழியும் கலச நீருமேயாம். ஆயின் அந்த நன்னாளுக்குப் பல திங்களுக்கு முன்னரே கோயிலில் ஆரவாரமின்றி வேறொரு பணி தொடங்கிவிடுகிறது. மூலமூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தபின், ஸ்தபதியும் திருப்பணியாளரும் விளக்கேந்தி மூலைமுடுக்கெல்லாம் பார்த்து வருவர். எந்தத் தளவரிசையில் நீர் கசிகிறது, எந்த உத்திரம் விண்டிருக்கிறது, கோபுரத்தில் ஆலஞ்செடி வேரோடிய இடம் எது, பீடத்தில் அஷ்டபந்தனம் இளகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறித்துக்கொள்வர். அதன் பின்னரே இன்னது செய்வது, இவ்வளவு செய்வது என்று திருப்பணிக்கு எல்லை வகுப்பர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆலயமே தன்னைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாடு, குறை காண்பதைப் பெரியோர் இழிவாகக் கருதாது வழிபாட்டின் ஓர் அங்கமாகவே கொண்டனர் என்பதைக் காட்டுகிறது.

மனிதன் தன் செயலையும் இங்ஙனமே எடுத்து வைத்துச் சோதித்து, பிழை கண்ட இடத்தில் இலக்கைத் திருத்திக்கொண்டு மேலே செல்ல வேண்டும் என்பது சான்றோர் துணிபு. திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகைக்கு ஓர் அதிகாரமும், வினைசெயல்வகைக்கு வேறோர் அதிகாரமும் ஒதுக்கியிருப்பதும் இக்கருத்துப் பற்றியே. சொல்வது எளிது. வாழ்நாள் முழுவதும் அதனைக் கைக்கொண்டு, அதனால் ஒரு நாட்டுக்கே நீர் வார்த்தவரைக் காண்பது அரிது. கம்பம் பள்ளத்தாக்கிலே அத்தகைய ஒருவர் வாழ்ந்து பணிபுரிந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். எனினும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அக்கினிச்சட்டி ஏந்தும் அடியார் நீராடும் ஆற்றிலும், உத்தமபாளையம் காளத்தீசுவரர் கோயிலை அடுத்து ஓடும் ஆற்றிலும் அவர் திருப்பிவிட்ட நீர் கலந்திருக்கின்றது. ஆதலின், இப்பள்ளத்தாக்கின் திருக்கோயில் மலர் ஒன்றில் கர்னல் ஜான் பென்னிகுவிக் அவர்களின் சரிதம் இடம்பெறுவது பொருத்தமே.

அவர் சரிதத்தை அறியுமுன் மலையை அறிதல் வேண்டும். தேனியிலிருந்து கம்பம், கூடலூர் நோக்கிச் செல்வோர்க்கு வலப்புறத்திலும் எதிரிலும் மேற்குமலைத் தொடர் மதில்போல் உயர்ந்து நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து எழும் கருமுகில்கள் அம்மதிலின் மேற்குச் சாரலிலேயே தம் பெருஞ்செல்வத்தைக் கொட்டித் தீர்த்துவிடும். கிழக்கே வருவது பெரும்பாலும் காற்றும் சிறு சாரலுமே. மேற்கே சிவகிரி மலையில் தோன்றும் பெரியாறு, முல்லையாற்றுடன் கலந்து, காடுகளினூடே ஓடிப் பெரும்பகுதி பயனின்றிக் கடலில் விழுந்து வந்தது. கிழக்கே வருஷநாட்டு மலையில் தோன்றும் வைகையோ, வெள்ளம் வந்தால் ஊரை அழிப்பதும் வாராவிடில் மணலாய்க் கிடப்பதுமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மலை முகடு. அம்முகட்டை வென்றுவிட்டால் மதுரைச் சீமை முழுவதும் தழைக்கும் என்பதைப் பலரும் கண்டனர். காண்பது வேறு, முடிப்பது வேறு.

முதலிற் கண்டவர் தமிழரே. இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டில் இவ்வெண்ணம் கொண்டு ஆராய்ந்தார். சமஸ்தானத்தின் பொருள்வளம் அதற்குப் போதாமையால் கைவிட நேர்ந்தது. 1808-இல் காப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் (இலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் அல்லர்) மலையேறிப் பார்த்து, இது நடவாத காரியம் என்று எழுதிவைத்தார். 1850-இல் சிறு அளவில் வேலை தொடங்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்கள் மிகுந்த கூலி கேட்டமையின் அதுவும் நின்றது. 1867-இல் ரைவ்ஸ் என்பவர் மண்ணணை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றுகொண்டிருக்கையிலேயே 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. அப்பஞ்சத்தின் கொடுமையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர் பலர். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். மலைக்கு அப்பால் நீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க, மலைக்கு இப்பால் உயிர்கள் வாடின. ஒருவேளை அந்த ஒற்றை உண்மைதான், உறங்கிய திட்டத்தை மீண்டும் எழுப்பியது போலும்.

இனி அவருடைய பிறப்பும் வளர்ப்பும். ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பூனாவில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையின் தளபதி. 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியருடன் நடந்த போரில் தந்தையார் வீழ்ந்தார். பதினேழே வயதான மகன் அலெக்சாண்டர், தந்தையின் உடலைக் காத்து நின்று அதே களத்தில் மாண்டார். இளைய பிள்ளையாகிய ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன. பிறந்த நாளுக்கு முன்னரே தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்த அச்சிறுவன் பிற்காலத்தில் படையில் சேர்ந்தும், பெயர் நிலைத்தது போரினால் அன்று, நீரினால் என்பது எண்ணத்தக்கது.

செல்டன்ஹாமிலும், கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய அடிஸ்கோம் இராணுவப் பள்ளியிலும் பயின்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்து, 1860-இல் இந்தியா வந்தார். 1868-இல் அபிசீனியப் போருக்கும் சென்று திரும்பினார். பின்னர்ப் பொதுப்பணித் துறையிற் பல பதவிகள் வகித்தார். 1879-இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்னும் நங்கையை மணந்தார். இவ்வாண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் அதிகாரி ஆற்ற வேண்டிய கடமைகளை ஆற்றி வந்தார். பெருஞ்சோதனை 1882-இல் வந்தது. பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி, புதிய மதிப்பீடு செய்யுமாறு அரசு அவரைப் பணித்தது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

புதியவர் ஒருவர் பழைய வேலையை ஏற்கும்போது இரண்டு வழிகளில் ஒன்றிற் செல்வது உலக இயல்பு. முன்னோர் செய்ததெல்லாம் தவறென்று ஒதுக்கிவிடுவது ஒன்று. அவர் விட்ட இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தொடர்வது மற்றொன்று. இவர் இரண்டையும் செய்யவில்லை. முன்னைய முயற்சிகள் ஏன் வீழ்ந்தன என்பதைத் தனித்தனியே எடுத்து நோக்கி, அவற்றினின்று தம் இலக்கை வகுத்துக்கொண்டார் என்பது அவர் அமைத்த திட்டத்தைப் பார்த்தாலே விளங்கும். ரைவ்ஸ் எண்ணிய மண்ணணையை அவர் ஏற்கவில்லை. பெரியாற்றின் வெள்ளம் கட்டி முடியாத அணையின் மேல் வழிந்து செல்லும் காலம் நிச்சயம் வரும். மண் அதனைத் தாங்காது, கரைந்துவிடும். கல்லும் சுண்ணாம்பும் இறுகிய காரையாயின், வெள்ளம் மேலே ஏறிச் சென்றாலும் அடியில் நிற்கும். தோல்வி வராதென்று நம்பிக் கட்டுவதைவிட, தோல்வி வந்தாலும் செய்த வேலை அழியாதபடி கட்டுவதே அறிவுடைமை. அதனையே அவர் தேர்ந்தார்.

இன்னும் ஆழமான தெளிவு ஒன்றும் அத்திட்டத்தில் இருந்தது. ஆற்றை அடைப்பது இலக்கன்று, ஆற்றைத் திருப்புவதே இலக்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணராதார் எத்துணை பெரிய சுவர் எழுப்பினும் ஒரு துளி நீரும் கிழக்கே வந்திராது. அணையினால் நீர்மட்டத்தை உயர்த்தி, தேக்கிய நீரைத் தேக்கடிப் பக்கம் பின்னோக்கிப் பரவச் செய்து, அங்கே முகட்டைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று மிகுந்த சுரங்கவழியாகக் கிழக்குச் சரிவில் இறக்குவதே அவர் வகுத்த உபாயம். இன்றைக்கும் அணையில் 104 அடிக்கு மேல் நிற்கும் நீரே தமிழகம் நோக்கி வரும். அதற்குக் கீழ் உள்ளது அங்கேயே நிற்கும். அவ்வளவும் நிரம்பிய பின்னரே அயலார்க்கு வழங்கத் தொடங்கும் அந்த ஏரி, உள்ளம் நிறைந்த பின்னரே உலகுக்கு வழங்கும் ஞானியரை நினைவூட்டுவது.

1884-இல் திட்டம் ஒப்புதல் பெற்றது. அணை கட்ட வேண்டிய இடம் திருவாங்கூர் மன்னருடையது. ஆதலின் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. நீரில் மூழ்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. மறு ஆண்டு, 1887-இல், வேலை தொடங்கியது.

அந்த இடம் இன்று படகேறிச் சென்று யானைக் கூட்டங்களைப் பார்த்து மகிழும் இடம். அன்று அது கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், பாதையற்ற இருண்ட கானகம். அண்மையான இரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து பள்ளத்தாக்கின் நெடுகிலும் மாட்டு வண்டிகளிற் பொருள் ஏற்றிக் கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்திற் சேர்த்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். இரும்பு, மரம், சுண்ணாம்பு, அரிசி, மருந்து ஆகிய யாவும் அவ்வழியே சென்றன. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்ச் சாலைகளில் அக்காலத்தில் ஓடிய வண்டிகளின் வரிசையை எண்ணிப் பார்த்தால், இந்த அணையைப் பள்ளத்தாக்கு மக்களின் மாடுகளே முதலில் தூக்கிச் சென்றன என்று சொல்லத் தோன்றும்.

வேலையாட்கள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்தனர். சென்னைப் பயனியர் படையின் 1-ஆம், 4-ஆம் பட்டாளங்களும் வந்தன. தற்காலிகத் தடுப்பணைகளை அமைக்கக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் அங்கே மனிதரைவிட அதிகமாகக் குடியிருந்தன. பல நூறு பேர் அம்மலையிலேயே உயிர்நீத்தனர். அணைக்கு அருகே அவர்தம் புதைகுழிகள் உள்ளன. கோயில் திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயரைக் கல்லிற் பொறிப்பது மரபு. இந்தத் திருப்பணிக்கு உயிர் ஈந்தோரிற் பெரும்பாலார் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இப்பொழுது சரிதத்தின் நடுநாடிக்கு வருவோம். அணையின் அடித்தளம் ஆற்றின் மடியிலேயே எழ வேண்டும். அதற்கு ஆற்றைச் சிறிது காலம் ஒதுக்கி நிறுத்த வேண்டும். ஒதுக்குவதற்காக மரமும் மண்ணும் கல்லும் கொண்டு தற்காலிகத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. தென்மேற்குப் பருவத்தில் ஒரு வெள்ளம், வடகிழக்குப் பருவத்தில் மற்றொரு வெள்ளம். ஓரிரவில் ஆற்றில் நீர் ஏறும். பல மாத உழைப்பு மரத்துண்டுகளாய்க் கீழே மிதந்து செல்லும். மீண்டும் அமைப்பர், மீண்டும் போகும். ஒருமுறை அன்று, இருமுறை அன்று. திரும்பத் திரும்ப இவ்வாறே நிகழ்ந்தது. போதாக்குறைக்குக் கோடையில் காய்ச்சல் உச்சமடையும். வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே எஞ்சிய சில மாதங்களே வேலைக்கு உரியவை.

அடித்துச் செல்லப்பட்ட தடுப்பின் கரையில் நிற்கும் தலைவன் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம் யாதாக இருக்கும்? ஆற்றைப் பழிப்பான், மழையைப் பழிப்பான், கூலியாட்களைப் பழிப்பான், பொருள் போதவில்லை என்று மேலிடத்தைப் பழிப்பான். பழி கூறுதற்குப் பெரியாற்றங்கரையில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. முன்னே வந்தவர் பலரும் அக்காரணங்களை எழுதிவைத்துவிட்டுத்தான் திரும்பினர். காரணங்கள் பொய்யும் அல்ல. ஆயின் பழி யாரைச் சார்ந்தாலும் தடுப்பு நிற்கப் போவதில்லை. எது நின்றது, எது போயிற்று, போனது ஏன் போயிற்று, அடுத்த பருவத்தில் எதனை மாற்றினால் நிற்கும் என்று தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்தவர்க்கே அடுத்த பருவம் பயன்படும். ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒரு பாடம் சொல்லிற்று. அதனைக் கேட்கச் செவி வேண்டும். கேட்டபின் தம் பழைய எண்ணத்தை விட மனம் வேண்டும். இரண்டும் பென்னிகுவிக்கிடம் இருந்தன என்பதற்கு எட்டாண்டு வேலையும், அதன் முடிவில் நின்ற சுவருமே சாட்சி.

அவர் தளரவே இல்லை என்று கூறுவது மிகையாகும். மனிதர் எவரும் அத்தகைய அழிவைக் கண்டு தளராதிரார். தளர்ச்சியை ஆராய்ச்சியாக மாற்றிக்கொண்டார் என்பதே பொருத்தம். இலக்கு மாறவில்லை. ஆனால் அவ்விலக்கை அடையும் படிகளை ஆற்றின் போக்கிற்கும் பருவத்தின் அளவிற்கும் ஏற்பச் சிறு சிறு படிகளாக வகுத்துக்கொள்ளாமல் அந்த இடத்தில் வேலை நடந்திருக்கவே முடியாது. மேலே ஏறும் ஒவ்வொரு அடிக் காரையும் அடுத்த வெள்ளத்தைத் தாங்கியாக வேண்டும். தாங்கிய பின்னரே அதற்கு அடுத்த அடி.

இவ்விடத்தில் பள்ளத்தாக்கு மக்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டபின் அரசு பொருள் கொடுக்க மறுத்துவிட்டது என்றும், பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்றும் அது கூறும். அணை அரசின் பொதுப்பணித் துறையால் அரசுச் செலவில் எழுப்பப்பட்டது என்பதே ஆவணங்கள் காட்டும் வரலாறு. சொத்து விற்ற கதையை அதற்கு இணையான சான்றாகக் கொள்ளல் ஆகாது. எனினும் அக்கதையை எள்ளி நகையாடுவதும் தகாது. பிறர்பொருட்டுத் தன்னுடையதை இழப்பவனையே பெரியோன் என்று போற்றும் மக்கள், தாம் நன்றி பாராட்டும் ஒருவர்மீது தம் மரபில் மிகச் சிறந்த அணியைச் சூட்டினர். உண்மையில் அவர் அம்மலையில் செலவிட்டது செல்வத்தைவிட அரியது. தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளையும், நான் நினைத்ததே சரி என்னும் செருக்கையும் அங்கேதான் செலவிட்டார். செருக்கை விற்பது நகையை விற்பதினும் கடினம் என்பதைக் கோயிலிற் பலிபீடத்தின்முன் விழுந்து வணங்கும் அன்பர் அறிவர்.

அணையின் காரையைப் பற்றிச் சிறிது கூறாமல் இருக்க முடியாது. திருப்பணியில் ஈடுபட்டோர்க்கு அது தனிச்சுவை பயக்கும். அணையின் முகங்கள் கருங்கற் கட்டுமானம். உள்ளிடம் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், சல்லி ஆகியவை கலந்த காரை. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. நம் ஸ்தபதிகள் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து, சாந்து ஆலையில் மாடு கட்டி அரைத்து விமானத்துச் சுதைக்கு ஆக்குகின்றனர். அஷ்டபந்தன மருந்தின் எட்டுப் பொருள்களுள்ளும் சுக்கான்கல் ஒன்று. நம் கோபுரங்களைத் தாங்கும் அதே சுண்ணாம்பின் குடும்பம்தான் பெரியாற்றையும் தாங்குகிறது. சுண்ணாம்புக் காரையின் இயல்பு அவசரப்படாமை. இட்ட அன்றைக்கே அது முழு வலிமை பெறாது. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகும். சினத்தில் எடுத்த முடிவு போலன்றி, ஆறப் போட்டு எடுத்த முடிவு போன்றது அது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், ஏறத்தாழ 1,200 அடி நீளமும், உச்சியில் 12 அடி அகலமும் உடைய அச்சுவர், தன் கனத்தினாலேயே ஏரியை எதிர்த்து நிற்கிறது.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவைத்தார். மேற்கே கடலுக்குச் செல்லவேண்டிய ஆறு, மலையின் வயிற்றினூடே புகுந்து கிழக்கே வெளிப்பட்டது, வைரவனாற்றில் இறங்கிற்று, சுருளியாற்றுடன் கூடிற்று, பள்ளத்தாக்கின் வயல்களைத் தொட்டுக்கொண்டு வைகையை அடைந்தது, பேரணையில் திரும்பி மேலூர்ச் சீமையின் வறண்ட கண்மாய்களை நோக்கிச் சென்றது. மேலூர்ப் பகுதியின் புன்செய்களே திட்டத்தின் முதன்மையான குறி. ஆயினும் வழியிலிருந்த கம்பம் பள்ளத்தாக்கும் அதன் பயனைப் பெற்றது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அந்நீரை எதிர்நோக்கியிருக்கின்றன. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தபின், பெரியாற்று நீர் அங்கும் தங்கிச் செல்கிறது. கோயில்களின் தேவதான நிலங்களிலும் அந்நீர் பாய்கிறது. அங்கு விளையும் நெல் இறைவனுக்கு நைவேத்தியமாகிறது.

வெற்றிக்குப் பின் மனிதன் என்ன செய்கிறான் என்பதும் அவனை அளக்கும் கோலே. பென்னிகுவிக் 1895-இல் அரசின் விருதும் பெற்றார்; 1896-இல் ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். அதே ஆண்டு இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில், இந்தியாவுக்குப் பொறியாளரைப் பயிற்றுவித்த அரசுக் கல்லூரியின் தலைவரானார். பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றைக் கட்டுரையாக எழுதி 1897-இல் இலண்டன் பொறியாளர் கழகத்தில் துறைவல்லார் முன் வைத்தார். அக்கழகத்தில் கட்டுரை படிப்பதென்பது வல்லோர் கேட்கும் கேள்விகளுக்குத் தம் செயலை ஒப்படைப்பதாகும். புகழுரைக்குத் தலை குனிந்து நிற்பதோடு அது முடிவதில்லை. 1899-இல், அறுபதை நெருங்கும் வயதில், ஆஸ்திரேலியா நாட்டுப் பிரிஸ்பேன் நகரத்தார்க்கு ஆலோசனை கூறச் சென்றார். 1893-இல் அந்நகரைப் பெருவெள்ளம் அழித்திருந்தது. வறண்ட நாட்டுக்கு நீர் கொணர்ந்தவரை, நீர் மிகுந்து வருந்திய நாட்டார் அழைத்தது விந்தை. நீரின் சினத்தை எட்டாண்டு அருகிருந்து பயின்றவர் அவரன்றி வேறு யார்?

1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் அவர் காலமானார். ஃபிரிம்லி ஊர்த் தேவாலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு மகனும் ஐந்து மகளிரும் அவருக்கு உண்டு. தந்தையின் பெயரையே தாங்கிய மகன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாய் விளங்கினார்.

அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி அமைந்தது தெய்வச் செயல் என்றே இப்பள்ளத்தாக்கு மக்கள் கருதுகின்றனர். பாலார்பட்டி முதலிய ஊர்களில் அந்நாளில் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். பலருடைய இல்லங்களில் அவர் படம் சுவாமி படங்களின் வரிசையிலேயே தொங்குகிறது. பிள்ளைகளுக்கும் அவர் பெயர் இடப்படுகிறது. 2013-இல் லோயர் கேம்பில் தமிழ்நாட்டு அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. தேனிப் பேருந்து நிலையமும் அவர் பெயர் பூண்டது. 2022-இல் அவர் மறைந்த கேம்பர்லி நகரிலும் தமிழ்நாட்டு அரசு சிலை நிறுவியது. மனிதனைத் தெய்வத்தின் அருகில் வைப்பது தகுமா என்று ஆசாரம் அறிந்தோர் சிலர் ஐயுறக்கூடும். தெய்வத்தின் நிலையில் அவரை யாரும் வைக்கவில்லை. சிவன் கோயிலில் அறுபத்துமூவர் நிற்கும் வரிசை ஒன்று உண்டு. அதில் வேடரும் வணிகரும் குயவரும் வண்ணாரும் உளர். தொண்டின் வாயிலாகவே அவர்கள் அங்கே நிற்கின்றனர். நன்றியுடைய மக்கள் தம் வீட்டுச் சுவரில் அத்தகைய ஒரு வரிசையை அமைத்துக்கொள்வதில் பிழை காண்பதற்கில்லை.

அணையும் தன் பங்குக்குத் திருப்பணி கண்டிருக்கிறது. 1979-க்குப் பின் அதன் வலிமை பற்றி ஐயம் எழுந்தபோது, உச்சியிற் காங்கிரீட்டால் கவசமிட்டு, எஃகு வடங்களை உடலினூடே பாய்ச்சி அடிப்பாறையுடன் பிணைத்து, பின்புறம் காங்கிரீட் சுவரால் முட்டுக் கொடுத்தனர். கட்டியவர் இருந்திருந்தால் அச்சோதனையை வெறுத்திரார். குறை கண்ட இடத்தைத் திருத்துவதற்காக ஆற்றங்கரையில் எத்தனையோ முறை தம் வேலையைத் தாமே கலைத்துப் பார்த்தவர் அல்லரோ அவர்.

மேலைச் சாரலில் மழை கொட்டி நீர்மட்டம் ஏறிய ஆண்டுகளில், ஜூன் மாதத் தொடக்கத்தில், முதல் போகத்திற்காகத் தேக்கடியில் மதகு திறப்பர். அதிகாரிகளும் விவசாயிகளும் கூடி நிற்பர். சூடம் கொளுத்தி வழிபட்டு, பொங்கி வரும் நீரின் மீது மலர் தூவுவர். அம்மலர்கள் இருண்ட சுரங்கத்துள் நுழைந்து மறைந்து, மலைக்கு இப்பால் வெயிலில் வெளிப்பட்டு, கூடலூரையும் கம்பத்தையும் கடந்து, ஆற்றுப் படித்துறைகளில் நீராடுவோர் காலடியை வந்து தொடும். நாற்றங்காலில் விதை தூவுவதற்கு உழவர் அப்போது சேறு கலக்கிக்கொண்டிருப்பர்.